கேப்ரோப், யூப்ரோப்: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

ஆலங்குடிக் கடைவீதியில் பூவும் பழமும் வாங்கிவிட்டு க்யூஆர் அட்டைக்கு முன்னால் நீட்டப்படும் ஆண்ட்ராய்டு போன் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான். ப்ராசஸர் பெரும்பாலும் 64 பிட் ஆர்ம் வகை. அந்தக் கர்னலில் ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷன் எப்போது அழைக்கப்படுகிறது, என்ன மதிப்புகளோடு அழைக்கப்படுகிறது என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. நிரலில் அச்சிடும் வரி ஒன்றைச் சேர்த்து, மறுபடி கம்பைல் செய்து, ரீபூட் செய்ய வேண்டும். பிழை ஆயிரத்தில் ஒரு முறைதான் தலைகாட்டும் என்றால், ரீபூட் செய்த கணமே அது ஓடி ஒளிந்துவிடும்.

ஓடுவதை நிறுத்தாமலே உள்ளே பார்க்க லினக்ஸில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. கர்னலுக்குள்ளேயே பார்ப்பது கேப்ரோப். கர்னலின் மேல் ஓடும் சாதாரண நிரல்களுக்குள் பார்ப்பது யூப்ரோப். பெர்ஃப், சிஸ்டம்டேப், பிபிஎஃப்ட்ரேஸ் போன்ற கருவிகள் இந்த இரண்டையும் பயன்படுத்துகின்றன.

இரண்டும் செய்வது ஒரே வேலை போலத் தெரியும். ஒரு ப்ராசஸருக்குக் கேப்ரோப் எழுதியாகிவிட்டது, அதே நிரலை யூப்ரோப்புக்கும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். ஆர்ம் பிரிவில் அப்படித்தான் செய்தார்கள். பெரும்பகுதி நன்றாகவே அமைந்தது. ஒரு சிறு பகுதி மட்டும் ஏழு ஆண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2024இல் பாதுகாப்புக் குறைபாடாக வெளியே வந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பகிர்வின் எல்லை எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும்.

இந்தியர் பங்கு

இந்த இரண்டு ஏற்பாடுகளின் வரலாற்றில் இந்தியர் பங்கு பெரிது. கேப்ரோப்பின் மூலக்கோப்பைத் திறந்தால் தலைப்பிலேயே ஐபிஎம் நிறுவனத்தின் உரிமைக்குறிப்பும், 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா முதல் வடிவத்தை உருவாக்கினார் என்ற குறிப்பும் இருக்கும். அடுத்து வரும் பெயர்கள் பிரசன்னா பஞ்சமுகி, சுபர்ணா பட்டாச்சார்யா. மூவரும் ஐபிஎம் இந்தியாவில் பணியாற்றியவர்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 காலத்து ஏற்பாடு ஒன்று லினக்ஸுக்கு ‘டைனமிக் ப்ரோப்ஸ்’ என்ற பெரிய வடிவில் வந்தது; அதிலிருந்து சாரத்தை மட்டும் எடுத்துச் சிறிதாக்கியதுதான் கேப்ரோப். 2004 அக்டோபரில் 2.6.9 பதிப்பில் அது கர்னலில் சேர்ந்தது.

யூப்ரோப்புக்கு வழி அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. அதன் கோப்பில் ஐபிஎம்மின் உரிமை ஆண்டு 2008 முதல் 2012 வரை என்று இருக்கும். ஆசிரியர்கள் ஸ்ரீகர் த்ரோணம்ராஜு, ஜிம் கெனிஸ்டன். ரெட் ஹேட் சார்பில் பீட்டர் சைல்ஸ்ட்ராவின் பெயரும் உண்டு. 2012 ஜூலையில் 3.5 பதிப்பில் அது இணைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐபிஎம் இந்தியாவின் அனந்த் மவினகாயனஹள்ளி அதைப் பவர்பிசி ப்ராசஸருக்குக் கொண்டுசென்றார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு ஆண்டு. எனவே பெரும்பாலான ப்ராசஸர்களில் கேப்ரோப் முதலில் வந்து குடியிருக்கும், யூப்ரோப் பின்னால் வந்து அதன் நிரலில் பங்கு கேட்கும் நிலை அமைந்தது. இந்த முன்பின் வரிசை பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணமாகிறது.

பொதுவான அடித்தளம்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் பேராவூரணி போகும் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பஸ்ஸை டிப்போவுக்குத் திருப்புவதில்லை. ஒரு நிறுத்தத்தில் மறித்து ஏறுவார், டிக்கெட்டையும் கண்டக்டர் பையையும் சரிபார்ப்பார், இறங்கிவிடுவார். பஸ் விட்ட இடத்திலிருந்து போகும். ப்ரோப்பின் வேலையும் இந்த மூன்று படிகள்தான்: மறிப்பது, பார்ப்பது, விட்ட இடத்திலிருந்து ஓடவிடுவது.

மறிப்பதற்கு, வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்துவிட்டு அங்கே பிரேக்பாயிண்ட் கட்டளையை வைக்கிறார்கள். ப்ராசஸர் அங்கே வந்ததும் எக்செப்ஷன் எழுந்து கட்டுப்பாடு கர்னலிடம் போகிறது. பதிவு செய்த ஃபங்ஷன் ஓடி ரெஜிஸ்டர்களைப் பார்த்துக்கொள்கிறது. இதுவரை சிக்கல் இல்லை.

கடினமானது மூன்றாவது படி. எடுத்துவிட்ட அசல் கட்டளையை இப்போது ஓட்டியாக வேண்டும். அதைப் பழைய இடத்தில் திரும்ப வைத்து ஓட்டிவிட்டு மீண்டும் பிரேக்பாயிண்டை வைக்கலாம் என்றால், அந்த இடைவெளியில் இன்னொரு கோர் அந்த வழியாக மறிபடாமல் போய்விடும். ஆகவே அசல் கட்டளையின் நகலை வேறோர் இடத்தில் வைத்து ஓட்டுகிறார்கள். அங்கேதான் புதுச் சிக்கல். சில கட்டளைகள் தாங்கள் நிற்கும் முகவரியையே கணக்கில் எடுத்துக்கொள்பவை. ‘இங்கிருந்து 40 பைட் தள்ளித் தாவு’ என்ற கட்டளையை இடம் மாற்றி வைத்தால் தாவும் இடமும் மாறிப்போகும். அத்தகைய கட்டளைகளை அப்படியே ஓட்டக் கூடாது. அவற்றைத் திருத்தி ஓட்ட வேண்டும், அல்லது அவை செய்யவேண்டிய வேலையை சி மொழி ஃபங்ஷன் ஒன்று செய்து காட்ட வேண்டும். இப்படிச் செய்து காட்டுவதைச் சிமுலேட் செய்வது என்பார்கள்.

எனவே எந்த ப்ராசஸராக இருந்தாலும் ப்ரோப் எழுதுபவருக்கு ஒரு பட்டியல் தேவை. எந்தக் கட்டளையை நகலெடுத்து ஓட்டலாம், எதைச் சிமுலேட் செய்ய வேண்டும், எதில் ப்ரோப் வைக்கவே கூடாது? ப்ராசஸரின் கையேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துத் தயாரிக்க வேண்டிய பட்டியல் அது. கேப்ரோப்புக்கு ஒரு முறை, யூப்ரோப்புக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை அதைத் தயாரிப்பது வீண் உழைப்பு மட்டுமில்லை. இரண்டில் ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. பகிர்வுக்கான நியாயம் இது.

எங்கே பிரிகிறார்கள்

ஒற்றுமை அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றிலும் இருவர் பாதையும் வேறு.

முதலில் முகவரி. கேப்ரோப் கர்னலின் ஒரு முகவரியில் ஒட்டிக்கொள்கிறது. கர்னல் ஒன்றே, அதனால் முகவரியும் ஒன்றே. யூப்ரோப் ஒட்டிக்கொள்வது ஒரு கோப்பிலும் அதன் தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்திலும். சி நூலகத்தின் மெம்மரி ஒதுக்கும் ஃபங்ஷனில் ஒரு யூப்ரோப் வைத்தால், அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ப்ராசஸிலும், இனிமேல் தொடங்கப்போகும் ப்ராசஸ்களிலும்கூட, அது செயல்படும். டிஸ்கில் உள்ள கோப்பு மாறுவதில்லை. அந்தந்த ப்ராசஸின் நினைவகப் பக்கத்தில் தனி நகல் எடுத்து அதில்தான் பிரேக்பாயிண்ட் எழுதப்படுகிறது.

அடுத்து நகல் கட்டளை ஓடும் இடம். கேப்ரோப்பின் நகல், கர்னலின் ஓட்டத்தக்க பக்கம் ஒன்றில் இருக்கிறது. யூப்ரோப்பின் நகலைக் கர்னலில் வைத்து ஓட்ட முடியாது; சாதாரண நிரலின் கட்டளை சாதாரண உரிமையோடுதான் ஓட வேண்டும். அதற்காக ப்ராசஸின் முகவரி வெளியிலேயே ஒரு சிறப்புப் பக்கத்தைக் கர்னல் ஒட்டிவைக்கிறது.

மூன்றாவது, பார்க்கும் ஃபங்ஷனின் சூழல். கேப்ரோப்பின் ஃபங்ஷன் எக்செப்ஷனுக்குள்ளேயே ஓடுகிறது. அது தூங்கக் கூடாது, டிஸ்கிலிருந்து பக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. யூப்ரோப்பில் எக்செப்ஷன் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுப் போகிறது. ப்ராசஸ் யூசர் பக்கம் திரும்பும் வாசலில் நிதானமாக வேலை நடக்கிறது. அங்கே காத்திருக்கலாம்.

நான்காவது, தன்னைத் தானே மறிக்கும் ஆபத்து. ப்ரோப் ஓடுவதற்குத் தேவையான கர்னல் ஃபங்ஷனிலேயே கேப்ரோப் வைத்தால் முடிவில்லாத சுழல். அதைத் தவிர்க்கக் கர்னலில் ‘இங்கே ப்ரோப் கூடாது’ என்று குறிக்கப்பட்ட ஃபங்ஷன்களின் பட்டியல் உண்டு. யூப்ரோப்புக்கு அப்படி ஒரு பட்டியலே தேவையில்லை. அது மறிப்பது யூசர் நிரலை, மறிப்பவர் கர்னல்.

கடைசியாகத் தவறினால் வரும் இழப்பு. யூப்ரோப் ஒழுங்காகத் தவறினால் ஒரு ப்ராசஸ் சாகும். கேப்ரோப் தவறினால் மெஷினே சாய்ந்துவிடும். ‘ஒழுங்காகத் தவறினால்’ என்ற நிபந்தனை முக்கியம்.

32 பிட் ஆர்ம்: அட்டவணையை இரண்டாகப் பிரித்தல்

ஆர்ம் 32 பிட்டில் கேப்ரோப் 2008 ஏப்ரலில் 2.6.25 பதிப்போடு வந்தது. அந்த ப்ராசஸரின் அமைப்பே ப்ரோப் எழுதுபவரை அலைக்கழிப்பது. புரோகிராம் கவுண்டர் அங்கே தனிப்பட்ட உறுப்பு அன்று. பதினாறு பொது ரெஜிஸ்டர்களில் கடைசியானது. கூட்டல், கழித்தல், லோடு, ஸ்டோர் என்று எந்தக் கட்டளையும் அதைப் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். படித்தால் வரும் மதிப்பு அந்தக் கட்டளையின் முகவரி அன்று, அதோடு 8 கூட்டிய எண். ஏறத்தாழ எல்லாக் கட்டளையும் ‘இந்த நிபந்தனை சரியானால் மட்டும் ஓடு’ என்ற நான்கு பிட்டைத் தலையில் சுமக்கிறது. ஆகவே இடம் சார்ந்த கட்டளை எது, சாராதது எது என்று பிரிப்பதற்கே மிகப் பெரிய அட்டவணை வேண்டியிருந்தது. இது போதாதென்று தம்ப் என்ற இன்னொரு கட்டளைத் தொகுதியும் உண்டு. அதற்கான அட்டவணையை 2011இல் ஜான் மெதர்ஸ்ட் எழுதினார்.

யூப்ரோப்பை இங்கே கொண்டுவர முதலில் முயன்றவர் ரபீன் வின்சென்ட். அந்தப் பணியை லினாரோ அமைப்பின் டேவிட் லாங் எடுத்து முடித்து, 2014இல் 3.15 பதிப்பில் சேர்த்தார். அவர் கையாண்ட முறை கவனிக்கத் தக்கது. கேப்ரோப்பின் அட்டவணையில் ஒவ்வொரு வகைக் கட்டளைக்கும் எதிரே அதைச் செய்து முடிக்கும் ஃபங்ஷனின் பெயரே எழுதப்பட்டிருந்தது. அவை அனைத்தும் கேப்ரோப்புக்காக எழுதப்பட்டவை. டேவிட் லாங் அந்தப் பெயர்களை நீக்கிவிட்டு அங்கே செயல் எண்களை வைத்தார். ‘இது ஏழாம் வகைக் கட்டளை’ என்று சொல்வதோடு அட்டவணையின் வேலை முடிந்தது. ஏழாம் வகைக்கு என்ன செய்வது என்ற பட்டியலைக் கேப்ரோப் தனியாகத் தரும், யூப்ரோப் தனியாகத் தரும். 2015இல் வாங் நான் இந்தக் கோப்புகளையெல்லாம் ‘ப்ரோப்ஸ்’ என்ற தனிக் கோப்புறைக்கு மாற்றி, உள்ளே பொதுவானதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியதையும் பிரித்து வைத்தார்.

அதே கட்டளைக்கு இருவரும் செய்வது எப்படி வேறுபடுகிறது என்று பாருங்கள். கேப்ரோப் ஒரு கட்டளையின் ரெஜிஸ்டர் எண்களை மாற்றி எழுதி, அதை ஒரு சிறு ஃபங்ஷனைப் போல அழைத்து, விளைவை எடுத்துப் பழைய ரெஜிஸ்டர்களில் நிரப்புகிறது. யூப்ரோப் கட்டளையை யூசர் பக்கத்திலேயே ஓடவிடுகிறது: முதல் சொல்லில் கட்டளை, இரண்டாம் சொல்லில் இன்னொரு பிரேக்பாயிண்ட். கட்டளை புரோகிராம் கவுண்டரைப் படிப்பதாக இருந்தால், பயன்படாமல் இருக்கும் ரெஜிஸ்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் மதிப்பைச் சேமித்துவிட்டு, அசல் முகவரியோடு 8 கூட்டி அதில் வைத்து, ஓடி முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பித் தருகிறது. ஒரே அட்டவணை, இரண்டு செய்முறை.

பிரேக்பாயிண்ட்களும் அப்படியே. கேப்ரோப்புக்கு ஒரு செல்லாக் கட்டளை எண், யூப்ரோப்புக்கு அதற்கு அடுத்த எண், யூப்ரோப்பின் இரண்டாம் பிரேக்பாயிண்டுக்கு அதற்கும் அடுத்தது. கர்னல் உரிமையில் ஓடும்போது மறித்தால்தான் கேப்ரோப் ஏற்கும். யூசர் உரிமையில் மறித்தால்தான் யூப்ரோப் ஏற்கும். வேலி தெளிவாகப் போடப்பட்டது.

குறை ஒன்று உண்டு. தம்ப் கட்டளைகளை வகைபிரிக்கும் அட்டவணை கையில் இருந்தும் யூப்ரோப் தம்ப்பை ஆதரிக்கவில்லை. டெபியனின் 32 பிட் ஆர்ம் பதிப்பு தன் நிரல்களைத் தம்ப்பில்தான் கம்பைல் செய்கிறது. அட்டவணையைப் பகிர்ந்தாலே போதாது, செயல் பட்டியலையும் எழுதி முடிக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

64 பிட் ஆர்ம்: எளிமை தந்த தைரியம்

64 பிட் ஆர்மில் கேப்ரோப் 2016 அக்டோபரில் 4.8 பதிப்போடு வந்தது. சந்தீபா பிரபு தொடங்கிவைத்ததை டேவிட் லாங் முடித்தார். யூப்ரோப்பை ரெட் ஹேட்டின் பிரத்யுஷ் ஆனந்த் எழுதி, 2017 பிப்ரவரியில் 4.10 பதிப்பில் சேர்த்தார். எட்டு ஆண்டு இடைவெளி இங்கே சில மாதங்களாகச் சுருங்கியது.

இந்த ப்ராசஸர் 32 பிட் அண்ணனைவிடப் பலமடங்கு ஒழுங்கானது. எல்லாக் கட்டளையும் 4 பைட். புரோகிராம் கவுண்டர் பொது ரெஜிஸ்டர் அன்று. இடம் சார்ந்த கட்டளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: தாவும் கட்டளைகள், முகவரி கணக்கிடும் இரண்டு, அருகிலிருக்கும் நினைவகத்திலிருந்து மதிப்பை எடுக்கும் ‘லிட்டரல் லோடு’ வகை. ஆகவே பெரிய அட்டவணை தேவைப்படவில்லை. கட்டளையைக் கொடுத்தால் ஒரு ஃபங்ஷன் மூன்று விடைகளில் ஒன்றைச் சொல்லும்: நகலெடுத்து ஓட்டலாம், சிமுலேட் செய், மறுத்துவிடு.

பிரத்யுஷ் ஆனந்தின் பேட்ச்களில் ஒன்று முழுக்க முழுக்கப் பகிர்வுக்கானது. கேப்ரோப் என்ற பெயரோடு இருந்த வகைகளையும் ஃபங்ஷன்களையும் பொதுப் பெயருக்கு மாற்றினார். இருவருக்கும் பொதுவான புதிய ஸ்ட்ரக்ட் ஒன்றை உருவாக்கினார். கேப்ரோப் இல்லாமல் யூப்ரோப்பை மட்டும் கம்பைல் செய்தாலும் வகைபிரிக்கும் நிரல் இயங்கும்படி செய்தார். கட்டளைகளை வகைபிரிக்கும் கோப்பும் சிமுலேட் செய்யும் கோப்பும் பொதுச் சொத்தாயின. 32 பிட்டில் டேவிட் லாங் செயல் பட்டியலைப் பிரித்ததைப் போல இங்கே பிரிக்கவில்லை. வகைபிரிப்பதும் பொது, சிமுலேட் செய்வதும் பொது.

பிரிக்கத் தோன்றிய இடங்களும் உண்டு. ஆர்மில் ஒரு நினைவக இடத்தைத் தனியுரிமையோடு படித்து, மாற்றி, எழுதும் கட்டளை இணை ஒன்று உண்டு. இரண்டுக்கும் நடுவே எக்செப்ஷன் எழுந்தால் எழுதுவது தோற்றுவிடும். நிரல் மறுபடி முயலும், மறுபடி எக்செப்ஷன், மறுபடி தோல்வி. கர்னலில் இது நடந்தால் மெஷின் உறைந்துபோகும். அதனால் கேப்ரோப், தான் வைக்கப்படும் இடத்திலிருந்து பின்னோக்கி 32 கட்டளைகள் வரை அலசி, அப்படி ஓர் இணைக்குள் இருந்தால் மறுத்துவிடுகிறது. இந்தச் சோதனை பொது ஃபங்ஷனில் இல்லை. பொது ஃபங்ஷனைச் சுற்றி அமைந்த கேப்ரோப்பின் தனி உறை ஃபங்ஷனில் இருக்கிறது. யூப்ரோப் பொது ஃபங்ஷனையே நேராக அழைக்கிறது.

இன்னொன்று, நகல் கட்டளை ஓடி முடிந்ததைத் தெரிந்துகொள்ளும் முறை. தொடக்கத்தில் இருவரும் ஹார்டுவேரின் சிங்கிள் ஸ்டெப் வசதியை நம்பினார்கள். பிறகு கேப்ரோப்பைக் கர்னல் துவங்கும் ஆரம்பக் கட்டத்திலேயே பயன்படுத்த வழி செய்யப்பட்டது. அந்த நேரத்தில் ப்ராசஸரின் டீபக் உறுப்புகள் தயாராகியிருக்காது. எனவே ஜான்-ஃபிலிப் ப்ரூக்கர் 2020 இறுதியில் எழுதிய பேட்ச், நகலுக்குப் பின்னால் இன்னொரு பிரேக்பாயிண்டை வைத்து அதையே அடையாளமாக்கியது. அது 5.11 பதிப்பில் சேர்ந்தது. யூப்ரோப் சிங்கிள் ஸ்டெப்பிலேயே தொடர்ந்தது. யூசர் ப்ராசஸ் பிறக்கும்போது கர்னல் முழுதாக விழித்திருக்கும். அந்தத் தொல்லை அதற்கு வருவதே இல்லை. ஒருவருக்குத் தேவையான மாற்றம் மற்றவருக்குத் தேவையற்றது என்றால், அந்தப் பகுதி பகிரத் தக்கது அன்று.

2024இல் வெளிவந்த பிழை

லிட்டரல் லோடைச் சிமுலேட் செய்யும் ஃபங்ஷன் எளியது. முகவரியைக் கணக்கிட்டு, அங்கே இருக்கும் மதிப்பைச் சாதாரண சி மொழிச் சுட்டி வழியாகப் படித்து, ரெஜிஸ்டரில் வைக்கும். கேப்ரோப்புக்கு இது சரி. கர்னலின் கட்டளை, கர்னலின் நினைவகம், படிப்பதும் கர்னல். 2017இல் யூப்ரோப் இதே ஃபங்ஷனை மாற்றமில்லாமல் எடுத்துக்கொண்டது. இப்போது கட்டளை யூசருடையது, நினைவகம் யூசருடையது, படிப்பது மட்டும் கர்னல்.

2024 அக்டோபரில் ஆர்ம் நிறுவனத்தின் மார்க் ரட்லண்ட் இதன் விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். யூசரின் பக்கம் அந்த நேரத்தில் நினைவகத்தில் இல்லையென்றால் ஃபால்ட் எழும்; அதைப் பிடித்துச் சமாளிக்கும் ஏற்பாடு அந்த ஃபங்ஷனில் இல்லாததால் கர்னலே பிழையில் விழும். அடுத்து, யூசர் நினைவகத்தைக் கர்னல் தவறுதலாகத் தொடாமல் தடுக்கும் ‘பான்’ பாதுகாப்பு புதிய ஆர்ம் ப்ராசஸர்களில் உண்டு. அது இயங்கும் மெஷினில் இந்தச் சிமுலேஷன் ஒருமுறைகூட வெற்றி பெறாது. மூன்றாவது, படிப்பது கர்னல் உரிமையோடு நடப்பதால், முகவரி வெளியின் தொடக்க ஓரத்தில் இருக்கும் யூசர் கட்டளை பின்னோக்கிச் சுற்றிக் கர்னல் முகவரியின் கடைசி ஓரத்தைத் தொட இடமுண்டு. இன்றைய கர்னல்களில் அந்த ஓரம் காலியாக ஒதுக்கப்பட்டிருப்பதால் அங்கேயும் ஃபால்ட்தான் எழும். இதற்குச் சிவிஇ-2024-50099 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண் தரப்பட்டது.

ஏழு ஆண்டுக்கு மேல் இது எப்படித் தப்பியது? ப்ரோப் வைப்பவர்கள் பெரும்பாலும் ஃபங்ஷனின் முதல் கட்டளையில்தான் வைக்கிறார்கள். அங்கே ஸ்டாக்கைச் சரிசெய்யும் கட்டளைகள் இருக்கும். லிட்டரல் லோடு அபூர்வம். அரிதாக ஓடும் நிரலைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும், ஓட்டிப் பார்த்துப் பிடிக்க முடியாது.

தீர்வு பாடம் சொல்வதாக அமைந்தது. மார்க் ரட்லண்ட் அந்த ஃபங்ஷனை யூப்ரோப்புக்காகத் திருத்தவில்லை. லிட்டரல் லோடைக் கையாளும் பகுதியைப் பொது ஃபங்ஷனிலிருந்து எடுத்துக் கேப்ரோப்பின் உறைக்குள் வைத்தார். அத்தகைய கட்டளையில் யூப்ரோப் வைக்கக் கேட்டால் இனி மறுப்புதான். பகிர்வு ஓர் அடி பின்வாங்கியது.

அதே பேட்ச் தொடரில் இன்னொரு திருத்தமும் இருந்தது. 64 பிட் ஆர்மின் கட்டளைகள் நினைவகத்தில் எப்போதும் லிட்டில் எண்டியன் வரிசையில்தான் இருக்கும். பிக் எண்டியன் கர்னலில் அவற்றைத் திருப்பிப் படிக்க வேண்டும். கேப்ரோப் திருப்பியது, யூப்ரோப் திருப்பவில்லை. பொது ஃபங்ஷனில் பிழையே இல்லை. அதனிடம் கொடுக்கப்பட்ட உள்ளீட்டில்தான் பிழை. பகிர்ந்த நிரல் தன்னை அழைப்பவரிடம் எதிர்பார்ப்பது என்ன என்பது எங்கும் எழுதப்படாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பிற ப்ராசஸர்கள் சொல்வது

இன்டெல் வகையில் பிரேக்பாயிண்ட் இருவருக்கும் ஒரே ஒரு பைட் கட்டளைதான். மசாமி ஹிராமட்சு எழுதிய கட்டளை வகைபிரிப்பான் இருவருக்கும் பொது. ஆனால் இடம் சார்ந்த கட்டளைகளைச் சரிக்கட்டுவதில் பிரிந்துவிடுகிறார்கள். கேப்ரோப் கட்டளைக்குள் இருக்கும் தூரத்தைத் திருத்தி எழுதுகிறது. யூப்ரோப் ஒரு ரெஜிஸ்டரை இடையில் வைக்கிறது. பகிர்வு வகைபிரிப்போடு நின்றது.

பவர்பிசியில் நேரெதிர். கட்டளையைச் செய்து காட்டும் பெரிய நிரல் ஒன்றையே இருவரும் பயன்படுத்துகிறார்கள். நினைவகத்தைத் தொடும் கட்டளைகளும் அதில் அடக்கம். அங்கே மட்டும் ஏன் இந்தப் பிழை வரவில்லை? நினைவகத்தைத் தொடும் முன் அந்த நிரல், மறிக்கப்பட்டது யூசரா கர்னலா என்று கேட்கிறது. யூசர் என்றால் முகவரி யூசருக்கு உரியதா என்று சோதிக்கிறது. ஃபால்ட் எழுந்தால் பிடிக்கவும் ஏற்பாடு வைத்திருக்கிறது. நினைவகத்தைத் தொடும் நிரலையும் பகிரலாம், அது இந்தக் கேள்வியைக் கேட்டால்.

ரிஸ்க்-ஃபைவ் இன்னொரு வகை. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. இதற்குக் கேப்ரோப்பும் யூப்ரோப்பும் 2021இல் 5.12 பதிப்பில் குவோ ரென் வழியாக ஒன்றாகவே வந்தன. ஆர்ம் 64ஐப் போலவே வகைபிரிப்பும் சிமுலேஷனும் பொது. இங்கே அந்தப் பிழைக்கு இடமே இல்லை. காரணம் எழுதியவரின் எச்சரிக்கை மட்டுமல்ல, ப்ராசஸரின் அமைப்பு. ரிஸ்க்-ஃபைவில் புரோகிராம் கவுண்டரை ஒட்டி நேராக நினைவகத்தைப் படிக்கும் கட்டளை கிடையாது. முகவரியை ஒரு கட்டளை ரெஜிஸ்டரில் வைக்கும், இன்னொன்று அங்கிருந்து படிக்கும். சிமுலேட் செய்யவேண்டியவை எல்லாம் ரெஜிஸ்டரோடு முடிந்துவிடுகின்றன.

முடிவு

ஐந்து ப்ராசஸர்களையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரிகின்றன. ஒரு கட்டளையின் பொருள் என்ன, அது இடம் சார்ந்ததா என்பது முதல் அடுக்கு. அது ப்ராசஸரின் கையேட்டில் உள்ள உண்மை. யார் கேட்டாலும் விடை ஒன்றே. இதைப் பகிராமல் இருப்பதுதான் தவறு. ரெஜிஸ்டர்களை மட்டும் மாற்றும் சிமுலேஷன் இரண்டாம் அடுக்கு. மறிபட்ட கணத்தில் ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்படும் ஸ்ட்ரக்ட் கர்னலுக்கும் யூசருக்கும் ஒன்றே என்பதால் இதையும் அச்சமின்றிப் பகிரலாம். 2017இல் பகிரப்பட்ட தாவும் கட்டளைகள் இன்றும் பொதுவில்தான் இருக்கின்றன. நினைவகத்தைத் தொடுவது, பிரேக்பாயிண்ட் எழுதுவது, நகலை ஓட்டுவது, முடிந்ததை அறிவது ஆகியவை மூன்றாம் அடுக்கு. இங்கே ஒவ்வொரு வரியும் ‘யாருடைய நினைவகம், யாருடைய உரிமை’ என்ற கேள்விக்கு உட்பட்டது. பவர்பிசியைப் போல அந்தக் கேள்வியை நிரலே கேட்க வேண்டும், இல்லையென்றால் 32 பிட் ஆர்மைப் போல இரண்டாகப் பிரிந்துவிட வேண்டும்.

பிரத்யுஷ் ஆனந்தின் பகிர்வு பிழையான முடிவு அன்று. அது இல்லாவிட்டால் 64 பிட் ஆர்முக்கு யூப்ரோப் இன்னும் தாமதமாக வந்திருக்கும், வகைபிரிக்கும் நிரலும் இரண்டாகக் கிளைத்திருக்கும். எல்லை ஒரு ஃபங்ஷன் தள்ளிப் போடப்பட்டதுதான் குறை. இரண்டு ஆர்ம் பிரிவுகளில் எதன் முறை மேல் என்றால், சிக்கலான ப்ராசஸரில் செய்யப்பட்ட 32 பிட் பிரிவின் முறையே மேல். அங்கே பகிர்ந்தது அறிவை மட்டும், செயலை அன்று.

கர்னல் நிரலைப் படிக்க விரும்பும் பொறியியல் மாணவர்கள் தொடங்குவதற்கு 64 பிட் ஆர்மின் ப்ரோப்ஸ் கோப்புறை நல்ல இடம். கோப்புகள் சில, ஒவ்வொன்றும் சிறியது. அதில் இருவரும் அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் திறந்து, அது நினைவகத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், அது யாருடைய நினைவகம் என்று நிரல் கேட்கிறதா என்று தேடுங்கள். கேட்கவில்லை என்றால் பேட்ச் எழுதத் தொடங்குங்கள்.